ஈரம் தேடுதல்

பானெட்டின் மேல் உள்ளங்கை.

குளிர்ந்திருக்கிறது.

நான் வரும்வரை இன்ஜினைக் கிளப்ப வேண்டாம் என்று தொலைபேசியில் கேட்டிருந்தேன். கிளப்பவில்லை. பழைய வண்டியை விற்பவர் முதலில் தரக்கூடியது இந்தக் குளிர்ச்சி. சூடான இன்ஜின் பல சத்தங்களை மறைத்துவிடும்.

கையை எடுக்கிறேன். பனியீரத்தில் ஐந்து விரல்களின் தடம்.

*

லிண்ட்சே ஊருக்கு வெளியே, ஆரஞ்சுத் தோப்பை ஒட்டிய முற்றம். கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கு. குளிர்காலத்தில் மழை பெய்து ஓய்ந்ததும் இங்கே மண்ணிலிருந்தே மூட்டம் கிளம்புகிறது. தூலி மூட்டம் என்கிறார்கள்.

மரங்களின் முதல் வரிசை தெரிகிறது. இரண்டாவது வரிசை பாதி. மூன்றாவது இல்லை.

தோப்பின் நடுவே உயரமான கம்பம், உச்சியில் விசிறி. உறைபனி விழும் இரவுகளில், மேலே மிதக்கும் வெதுவெதுப்பைக் கீழே பழங்களுக்கு இறக்கிக் கொடுப்பது அதன் வேலை. இப்போது அசையவில்லை.

வண்டி. டொயோட்டா பிக்கப்பின் சின்ன முகம். அதன் தலைக்கு மேலும் முதுகிலும் ஒரு வீடு. 21 அடி நீளம். 1987-இல் செய்தது.

விற்பவர் முதியவர். கைகளைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார். "மெதுவாகப் பாருங்கள்" என்கிறார்.

அதற்குமேல் பேச்சில்லை.

*

கதவைத் திறக்கும் ஆசை. அடக்கிக்கொண்டு சுற்றி நடக்கிறேன்.

உள்ளே போனால் மனம் குடியேறிவிடும். திரைச்சீலையின் நிறத்தை யோசிக்கத் தொடங்கும். அதற்குமுன் கீழே பார்க்க வேண்டியது ஒன்று.

பின்சக்கரத்தருகே மண்டியிடுகிறேன். சரளைக்கல் முழங்காலில் குத்துகிறது.

ஆறு நட்டுகள்.

மறுபடி எண்ணுகிறேன். ஆறு. நடுவில் ஹப் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது.

அடக்கிவைத்திருந்த மூச்சு வெளியே போகிறது.

*

1973-லும் 1979-லும் அமெரிக்காவில் பெட்ரோலுக்கு வரிசை நின்றது. அதன்பின் சின்ன வண்டியில் வீடு வேண்டும் என்று கேட்டவர்கள் பெருகினார்கள். டொயோட்டா பிக்கப்பின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் வீடு கட்டி விற்கப் பல கம்பெனிகள் முளைத்தன.

பின் அச்சு மட்டும் பிக்கப்புக்கானதாகவே இருந்தது. ஐந்து நட்டு. அதன்மேல் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மனிதர்கள். பக்கத்துக்கு ஒரு சக்கரம் கூட்டினார்கள். பார்வைக்கு இரட்டைச் சக்கரம். பாரம் அதே பேரிங்கில், அதே அச்சுத்தண்டில். தண்டு முறிந்து, சக்கரம் வண்டியை விட்டுக் கழன்று ஓடியது. சாலைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு விசாரித்தது. வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டு அச்சுகள் மாறின. மாறாமல் போனவையும் உண்டு.

பிற்பாடு வந்த ஆறு நட்டு அச்சில் வீட்டின் எடை வெளி உறையின்மேல் உட்காருகிறது. உள்ளே இருக்கும் தண்டுக்குச் சுழல்வது மட்டுமே வேலை.

ஐந்தாக இருந்திருந்தால் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பேன். பாதி விலைக்குக் கொடுத்தாலும் அது வேண்டாம்.

*

டயரின் ஓரச்சுவர். விரலால் துடைக்கிறேன். கருப்பு விரலுக்கு வருகிறது.

எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம். 2214. 2014-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம்.

பள்ளங்கள் ஆழமாக இருக்கின்றன. அதிகம் ஓடாத ரப்பர். ஆனாலும் ஓரச்சுவரில் மயிரிழை வெடிப்புகள், வட்டமாக, ஒன்றையொன்று தொடாமல்.

ஓடித் தேய்வது ஒரு வயது. நின்று முதிர்வது இன்னொரு வயது. மோட்டார்ஹோமின் டயர்கள் பெரும்பாலும் நின்றே முதிர்கின்றன.

பின்னாலுள்ள உள் டயர்களின் எண்ணைப் பார்க்க வண்டியடியில் படுக்க வேண்டும். படுக்கிறேன். மண்ணின் குளிர் முதுகில் ஏறுகிறது. டார்ச் வெளிச்சம். அதே ஆண்டு.

ஆறு டயர். மனத்தில் குறித்துக்கொள்கிறேன்.

படுத்தபடியே மேலே பார்க்கிறேன். சட்டத்தில் மெல்லிய துரு, மேலோட்டமானது. உப்புத் தூவும் சாலைகளை இந்த வண்டி அறியவில்லை. சைலன்சர் குழாயில் ஒரு சிலந்தி வலை. அதில் பனித்துளிகள்.

எழுந்திருக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் கிடக்கிறேன்.

*

கதவு.

மூக்குதான் முதலில் உள்ளே போகிறது.

பழைய கம்பளம். எப்போதோ சிந்திய காப்பி. தீக்குச்சி. அடியில் மெல்லியதாக இன்னொன்று, மழைக்காலத்துப் பெட்டியைத் திறந்தாற்போல.

வாசனைத் தைலம் எதுவும் தெளிக்கவில்லை. அது நல்ல குறி. வாசனை பலமாக வீசும் வண்டியில் அந்த வாசனைக்கு அடியில் என்ன இருக்கிறது என்றே மூக்கு தேடிக்கொண்டிருக்கும்.

நிற்கிறேன். தரை இரண்டு எட்டு. சமையல் மேடை, மேசை, நீண்ட இருக்கை, பின்னால் குளியலறை. ஓட்டுநர் தலைக்கு மேலே அலமாரிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கை.

எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

ஒன்றும் தொடவில்லை.

*

தண்ணீர்.

இந்த வகை வண்டியில் மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன். இன்ஜினை இறக்கி ஏற்றலாம். கியர்பெட்டியை மாற்றலாம். சுவருக்குள் இறங்கிய தண்ணீர் வீட்டையே கொண்டுபோய்விடும்.

சுவர் என்பது இங்கே என்ன? வெளியே ஃபைபர்கிளாஸ் தகடு. உள்ளே வேலைப்பாடு போட்ட மெல்லிய பிளைவுட். நடுவில் மென்மரச் சட்டங்கள், நுரைப் பலகை. மரத்தோடு மரம் கம்பிப் பின்களால் பிடித்திருக்கிறது. மொத்தத்தில் ஓர் அங்குலமோ, சற்று அதிகமோ.

அதன்மேல் ஜன்னலுக்கு ஓட்டை, விளக்குக்கு ஓட்டை, கூரையில் காற்றுப்போக்கிக்கு ஓட்டை. ஒவ்வோர் ஓட்டையைச் சுற்றியும் பசைநாடா, திருகாணிகள், மெழுகுபோன்ற அடைப்பு. நாடா காய்கிறது. வெயில் அடைப்பைச் சுருக்குகிறது. ஒவ்வொரு மைலும் வீட்டுக்கு ஒரு சின்ன நிலநடுக்கம். திருகாணி தன் ஓட்டைக்குள் தளர்கிறது.

தண்ணீருக்கு ஊசிமுனை போதும்.

நுழைந்த இடத்தில் அது தெரிவதில்லை. சட்டத்தோடு வழிந்து, பின்னைப் பிடித்துக்கொண்டு, நுரையின் ஓரமாக இறங்கி, வேறெங்கோ தாழ்ந்த மூலையில் தங்குகிறது. அங்கே மரம் அதைக் குடிக்கிறது. வெளியே பளபளப்பு. உள்ளே மாவு.

*

படுக்கைக்கு ஏறுகிறேன். தலைக்கும் கூரைக்கும் இடையில் இரண்டு சாண் இடைவெளி.

முன்நெற்றியில் ஐந்து மஞ்சள் விளக்குகள். வெளியிலிருந்து பார்க்க அழகு. ஒவ்வொன்றும் மழைக்கு ஒரு வாசல். அவற்றின் நேர் கீழே, மெத்தையடிப் பலகையின் முன் மூலைகள்.

மெத்தையைத் தூக்குகிறேன்.

இடது மூலை. கட்டைவிரலால் அழுத்துகிறேன். கெட்டி.

வலது மூலை. கட்டைவிரல் அழுத்துகிறது.

பலகை கொஞ்சம் உள்ளே போகிறது. எடுத்ததும் திரும்ப வரவில்லை.

*

தட்டிப் பார்க்கிறேன். முற்றிய தேங்காயைச் சந்தையில் தட்டிப் பார்ப்பதுபோல, காதை அருகில் வைத்து. இடமிருந்து வலமாக. டொக். டொக். டொக். பிறகு ஓரிடத்தில் ஒலி தடித்துப்போகிறது. ஒரு சாண் அகலம். அப்புறம் மறுபடி டொக்.

வால்பேப்பரில் தேநீர் நிறத்தில் ஒரு வளையம். அதைச் சுற்றி இன்னொன்று. ஒவ்வொரு மழைக்கும் ஒன்றாக இருக்கலாம்.

பையிலிருந்து ஈரமானியை எடுக்கிறேன். இரண்டு ஊசிகள், ஒரு சின்னத் திரை. மரத்தில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்த்து, ஈரம் எத்தனை சதவீதம் என்று சொல்லும்.

பின்சுவர், 11. குளியலறைக் கதவோரம், 12. சமையல் மேடைக்குப் பின்னால், 12. ஜன்னலடி, 14.

படுக்கையின் வலது மூலை, 26.

எண் திரையில் நிற்கிறது. ஊசியைப் பிடுங்குகிறேன். இரண்டு புள்ளிகள் மிஞ்சுகின்றன.

20-க்குக் கீழே காய்ந்த மரத்தைக் காளான் அவ்வளவாக அண்டாது. 26-இல் அது உயிரோடு இருக்கும்.

*

கோடையில் வந்திருந்தால் இந்த எண் வந்திருக்காது. இந்தப் பள்ளத்தாக்கில் மே முதல் செப்டம்பர்வரை மழை அநேகமாக இல்லை. 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாட்கள். ஒழுகும் வண்டியும் எலும்புவரை காய்ந்து நிற்கும். அழுத்தினால் மெத்தென்று போகுமே தவிர, மானி ஒன்றும் சொல்லாது.

பழைய வீட்டு வண்டியை மழைக்காலத்தில் பார்ப்பது உத்தமம். அப்போது அது மறைக்க முடியாது.

*

ஏணி. அவர் பிடித்துக்கொள்கிறார்.

கூரையில் நிற்கக் கூடாது. வயிற்றில் படுத்து, எடையைப் பரப்பி, ஊர்ந்து போகிறேன். கன்னத்துக்கு அருகில் கூரை. பனி உருண்டு நிற்கிறது.

தையல்கள் நெடுக அடைப்புப் பூச்சு. வெள்ளை. அதன்மேல் மங்கிய வெள்ளை. ஓரிடத்தில் வெள்ளி நிறம். யாரோ ஒவ்வொரு முறையும் ஏறி, இதே மாதிரிப் படுத்து, விரலால் இழுத்து விட்டிருக்கிறார். விரல் ரேகைகூட ஒன்றில் பதிந்திருக்கிறது.

ஒரு மூலையில் மட்டும் பளபளப்பான சிலிக்கான். வலது மூலை. நெகிழ்ந்து பிரிந்திருக்கிறது. சிலிக்கானின் மேல் வேறெதுவும் ஒட்டாது. அடுத்த பூச்சு, புதிய சிலிக்கானாக இருந்தால்கூட, பிடி கிடைக்காமல் உரிந்து வரும். சுரண்டி எடுத்த பிறகுதான் எதுவும் செய்ய முடியும்.

கீழே 26. மேலே இந்தப் பிளவு.

இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கலாம். தண்ணீர் நடந்து போன தூரம்.

மூட்டத்துக்குள் எங்கோ ஒரு நாய் குரைக்கிறது. கூரையின் குளிர் சட்டையைத் தாண்டி வருகிறது.

*

ஃபிரிட்ஜ்.

முந்தின இரவே பற்றவைத்துவிடச் சொல்லியிருந்தேன். இது குளிர நேரமெடுக்கும். மணிக்கணக்கில்.

கதவைத் திறந்து கையை உள்ளே விடுகிறேன். குளிர். ஆழமான, அமைதியான குளிர்.

இதில் மோட்டார் இல்லை. அசையும் பாகம் இல்லை. பின்னால் ஒரு நீலச்சுடர். அதன் சூட்டில் அம்மோனியா தண்ணீரைவிட்டுப் பிரிந்து எழுகிறது, திரவமாகிறது, ஹைட்ரஜனுக்கு நடுவில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, மறுபடி தண்ணீரில் கரைகிறது. 1922-இல் ஸ்டாக்ஹோமில் பால்ட்ஸர் வான் பிளாட்டன், கார்ல் மண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த வழி.

சுடரிலிருந்து குளிர்.

இது ஏறக்குறையச் சமமான தரையில்தான் இயங்கும். சாய்ந்து நின்றால் திரவம் திரும்பி இறங்காது. கொதிகலன் வறண்டு வேகும். சாய்வில் பலகாலம் ஓடினால் முடிந்தது.

வெளிப்புறக் கதவைத் திறந்து பார்க்கிறேன். மஞ்சள் பொடி இல்லை. அம்மோனியா நெடி இல்லை. சுடர் மட்டும், நடுங்காமல்.

கதவை மூடவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

*

புரொப்பேன் குழாயின் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர். குமிழி எழவில்லை.

தரையோரம், கணுக்கால் உயரத்தில், வாயுக்கசிவு எச்சரிக்கைப் பெட்டி. புரொப்பேன் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் பெட்டியும் கீழே. பின்புறம் அச்சிட்ட தேதி கடந்துபோய்ப் பல காலம். பச்சை விளக்கு இன்னும் எரிகிறது. அந்த விளக்கை நம்ப மாட்டேன்.

*

தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் நீர். பம்ப் சுவிட்சைப் போடுகிறேன். கடகடவென்று சத்தம். குழாய் இருமி, காற்றைத் துப்பி, பிறகு நேராக ஓடுகிறது.

குழாயை மூடுகிறேன். பம்ப் நிற்கிறது.

இப்போது கேட்க வேண்டியது இந்த நிசப்தத்தை.

எங்காவது கசிந்தால் அழுத்தம் குறையும். யாரும் குழாயைத் தொடாமலேயே பம்ப் ஒரு கணம் விழித்து, மறுபடி தூங்கும். அதற்காகக் காத்திருக்கிறேன். மேசையருகே உட்காருகிறேன். அவர் எதிரில் உட்காருகிறார்.

ஜன்னலுக்கு வெளியே வெண்மை.

அவர் மூச்சு. என் மூச்சு. ஃபிரிட்ஜின் சுடருக்குச் சத்தமில்லை.

மேல் அலமாரியின் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. உள்பக்கம் பென்சில் எழுத்து. ஊர்ப் பெயர்கள். மோரோ பே. பிஷப். லோன் பைன். மறுபடி மோரோ பே. பக்கத்தில் ஆண்டுகள். ஒரு பெயரின் கீழே மட்டும் அடிக்கோடு.

நான் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை.

பம்ப் எழவில்லை.

*

மேடைக்கடியில் தலையை விட்டுப் பார்க்கிறேன். குழாய்கள் சாம்பல் நிறம். பாலிபியூட்டிலீன். எண்பதுகளில் வீடுகளிலும் வண்டிகளிலும் நெடுக ஓடிய குழாய். நகராட்சித் தண்ணீரின் குளோரின் அதை உள்ளிருந்து மெல்ல அரிக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் கைவிட்டுவிட்டார்கள்.

இன்று ஒழுகவில்லை. அவ்வளவுதான் தெரியும்.

*

சாவி.

வெளியே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவர் உள்ளே உட்கார்ந்து திருப்புகிறார்.

22ஆர்ஈ. நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர். மெக்கானிக்குகள் மரியாதையோடு சொல்லும் இன்ஜின். ஆனால் இதன் டைமிங் செயினை வழிநடத்தும் துண்டுகள் பிளாஸ்டிக். பல்லாண்டு கழித்து உடையும். உடைந்தால் குளிர்ந்த காலையில், கிளம்பிய முதல் சில நொடிகளில், முன்புறத்திலிருந்து சங்கிலி உலோகத்தில் அடிபடும் சத்தம். அப்படியே விட்டால் சங்கிலி தன் மூடியைத் தேய்த்துத் துளைக்கும். கூலன்ட் ஆயிலில் கலக்கும்.

அந்த முதல் நொடிகளுக்காகத்தான் பானெட்டின் குளிர்ச்சி தேவைப்பட்டது.

உறுமல்.

ஒன்று. இரண்டு. மூன்று.

சலசலப்பு இல்லை. வால்வுகளின் தையல்மெஷின் ஓசை மட்டும். சீராகிறது. தணிகிறது.

ஆயில் குச்சியைத் துடைத்து மறுபடி விட்டு எடுக்கிறேன். கறுத்த தேன் நிறம். பால் கலந்த நிறம் எங்கும் இல்லை. ஆயில் ஊற்றும் வாயின் மூடியடியிலும் இல்லை.

அவர் ஒரு காகிதத்தை நீட்டுகிறார். செயின் மாற்றிய ரசீது. எஃகு முதுகு வைத்த துண்டுகள். மடித்த இடத்தில் காகிதம் கிழிந்திருக்கிறது.

புகைபோக்கியிலிருந்து வெள்ளை. அது ஆவியா, மூட்டமா, இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

*

ஓட்டுகிறேன். அவர் பக்கத்தில்.

65-ஆம் நெடுஞ்சாலை. எக்ஸிட்டர். பிறகு கிழக்கே, மலையடி நோக்கி 198. மூட்டத்துக்குள் மஞ்சள் கோடு ஒன்றுதான் வழி.

பின்னால் வீடு பேசுகிறது. கரண்டிகள். கதவின் கொக்கி. எங்கோ ஒரு பலகை மற்றொரு பலகையோடு.

காலை முழுவதும் அழுத்தினாலும் வேகம் தன் விருப்பப்படிதான் வருகிறது. அவசரம் இதில் ஏறாது.

பிரேக். வண்டி நேராக நிற்கிறது. கையை லேசாகத் தளர்த்திப் பார்க்கிறேன். ஒருபக்கம் இழுக்கவில்லை.

*

ஏறுமுகம். மூட்டம் மெலிகிறது. வெண்மைக்குள் வெளிச்சம் வருகிறது. ஒரு வளைவில் சட்டென்று எல்லாம் கீழே தங்கிவிட, நாங்கள் மேலே.

வெயில்.

கவேயா ஏரி. குளிர்காலத்தில் நீர் தாழ்ந்திருக்கிறது. அதற்கப்பால் சியர்ரா நெவாடாவின் பனி.

இந்தச் சாலை செக்கோயா மரங்களுக்குப் போகிறது. பூங்காவுக்குள், பொட்விஷாவுக்கு மேல் வளைவுகள் இறுகும். 22 அடிக்கு நீளமான வண்டிகள் அங்கே வேண்டாம் என்கிறது நிர்வாகம். 21 அடியைத் தேடியதற்கு அது ஒரு காரணம்.

ஓரமாக நிறுத்துகிறேன். அவர் திரும்பி வீட்டுக்குள் பார்க்கிறார். வெயில் மேசைமேல் விழுந்திருக்கிறது. நேரம் போகிறது.

இன்ஜின் சூடாகிவிட்டது. புகைபோக்கியில் இப்போது ஒன்றும் தெரியவில்லை.

*

ஒரு நினைவு வந்து உட்காருகிறது.

வரும் வழியில், 99-ஆம் நெடுஞ்சாலையின் ஒரு மேம்பாலத்தடியில், வரிசையாக நான்கைந்து பழைய மோட்டார்ஹோம்கள். கூரையில் நீலத் தார்ப்பாய், கயிறு, கல். வாசலில் செருப்புகள். பயணம் போகிறவர்கள் அல்ல. வாடகை கொடுக்க முடியாமல் அதிலேயே குடியிருப்பவர்கள்.

1930களில் இதே 99-இல் ஓக்லஹோமாவின் புழுதியிலிருந்து தப்பியவர்கள், லாரிமேல் பாத்திரம் பண்டத்தைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆர்வினுக்குப் பக்கத்தில் அரசு அவர்களுக்கு முகாம் அமைத்தது. அவர்களைப் பற்றி எழுதிய ஜான் ஸ்டைன்பெக், 1960-இல் ஒரு பிக்கப்பின்மேல் சின்ன வீட்டை ஏற்றி, தானாக விரும்பி நாட்டைச் சுற்றினார். அந்த வண்டியை இன்று சலினாஸில், அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

சாலையில் வீட்டோடு போகும் இரண்டு விதம். ஒன்றுக்குத் திரும்பிப் போக இடம் இருக்கிறது.

தார்ப்பாயைக் கட்டியவர் தேடியதும் இதே ஈரத்தைத்தான்.

நினைவு எழுந்து போகவில்லை. அப்படியே இருக்கட்டும்.

*

முற்றம். இன்ஜினை அணைத்தபின் உலோகம் சுருங்கும் டிக் டிக்.

அவரைப் படுக்கைமேல் ஏறச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அவரே ஏறுகிறார். வலது மூலையைக் காட்டுகிறேன். ஈரமானியை அவர் கையில் கொடுக்கிறேன். ஊசியைக் குத்தி, எண்ணைப் பார்க்கிறார். பிறகு மானியை வைத்துவிட்டு, தன் கட்டைவிரலால் அழுத்துகிறார். அதே இடத்தில்.

பலகை உள்ளே போகிறது.

"சிலிக்கான் பூசியது நான்தான்" என்கிறார். "பிடிக்கும் என்று நினைத்தேன்."

கொஞ்ச நேரம் விரலை அங்கேயே வைத்திருக்கிறார்.

விலை பேசவில்லை. அவராக ஒரு தொகை சொல்கிறார். முன்பு கேட்டதைவிடக் குறைவு. மூலையைப் பிரித்து, சட்டத்தை மாற்றி, பலகை போட ஆகும் செலவை நான் மனத்தில் கூட்டியிருந்த கணக்குக்கு அது பக்கத்தில் இருக்கிறது.

தலையசைக்கிறேன்.

*

மேசைமேல் உரிமைப் பத்திரம். இங்கே அதைப் பிங்க் ஸ்லிப் என்பார்கள். அவர் பெயர் மட்டும். கடன் கொடுத்தவர் பெயர் எதுவும் இல்லை.

வண்டியின் 17 எழுத்து எண்ணை முன்கண்ணாடியடியில் படித்து, காகிதத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கிறேன். பத்தாவது எழுத்து ஹெச். 1987.

புகைச் சோதனைச் சான்று. தேதி 90 நாட்களுக்குள். சரி.

அவர் கையெழுத்துப் போடுகிறார். பேனா ஒருமுறை நிற்கிறது. மறுபடி ஓடுகிறது.

சாவி இரண்டு. ஒன்று இன்ஜினுக்கு. ஒன்று வீட்டுக்கு.

*

மூட்டம் முற்றத்தைவிட்டு விலகத் தொடங்குகிறது. மூன்றாவது வரிசை மரங்கள். நான்காவது.

அலமாரிக் கதவைக் கழற்றி எடுத்துக்கொள்கிறீர்களா என்று அவரிடம் கேட்கிறேன். யோசிக்கிறார். வேண்டாம் என்று கையசைக்கிறார்.

உரிமையைப் பத்து நாட்களுக்குள் என் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்றதை அவர் ஐந்து நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். புரொப்பேன் எச்சரிக்கைப் பெட்டி புதிது வாங்க வேண்டும். சிலிக்கானைச் சுரண்டியெடுத்து, மூலை உலரும்வரை கூரைமேல் தார்ப்பாய். ஆறு டயர்களும் மூலைப் பலகையும் மாறும்வரை இந்த வண்டி மலையேறாது.